முடிவுப் பட்டியல் போதாதா? தேசியத் துடுப்புப் படகுப் போட்டியில் ஒரு நாள்

கரையோரம் கேட்டது: மார்ச் 5, இரவு 8.15

நாளை மறுநாள் தேசியத் துடுப்புப் படகுப் போட்டி. போவதா வேண்டாமா என்று யோசிக்கிறேன். போன முறை ஒரு நாள் முழுக்கக் கரையில் உட்கார்ந்து பார்த்தேன். மொத்தம் 2000 மீட்டர். அதில் 1700 மீட்டர் வரை கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. எறும்பு வரிசை ஊர்கிற மாதிரி தூரத்தில் ஏதோ அசைந்தது, அவ்வளவுதான். அப்புறம் திடீரென்று ஆறு படகுகள் எதிரில் வந்தன, ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. யாருக்குத் தெம்பு அதிகமோ அவர் ஜெயிக்கிறார். இதற்கு வீட்டில் இருந்தபடியே முடிவுப் பட்டியலைப் பார்த்தால் போதாதா? நேரத்தைப் பார்த்தாலே யார் எவ்வளவு பெரிய ஆள் என்று தெரிந்துவிடுமே.

வால்பிடி: மார்ச் 5, இரவு 10.40

போதாது.

நீங்களாவது கடைசி 300 மீட்டர் பார்த்தீர்கள். நான் 12 வருடமாகப் போகிறேன், ஒரு போட்டியின் முடிவைக்கூட நேரில் கண்டதில்லை. என் இடம் மறுமுனையில். தொடக்க மேடையிலிருந்து தண்ணீருக்குள் ஆறு பலகைகள் விரல் மாதிரி நீண்டிருக்கும். ஒவ்வொரு விரலின் நுனியிலும் ஓர் ஆள் குப்புறப் படுத்து, படகின் பின்முனையைக் கையால் பிடித்துக்கொண்டிருப்பார். அந்த ஆறு பேரில் நான் ஒருவன். பெயர்க்காரணம் புரிந்திருக்கும். யாருக்கும் ஜால்ரா அடித்து வந்த பட்டம் இல்லை, உண்மையிலேயே வால் பிடிக்கிறேன்.

பக்கவாட்டில் ஒரு குடிசை. அதில் இருப்பவர் கண்ணைக் கோட்டில் வைத்துக்கொண்டு, ஆறு படகுகளின் மூக்கும் ஒரே நேர்கோட்டில் நிற்கிறதா என்று பார்ப்பார். காதில் அவர் குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். "மூணு, ஒரு சாண் முன்னால். மூணு, நில். அஞ்சு, பின்னால்." அவர் சொல்கிறபடி நாங்கள் படகை நீட்டி இழுக்க வேண்டும்.

சொல்ல வந்தது வேறு. துடுப்பு வலிப்பவர்கள் போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்காருவார்கள். அதாவது ஒற்றையர் படகில் இருப்பவர் முகத்துக்கு நேராக என் முகம். படகே சுமார் 8 மீட்டர்தான், அதனால் இடையில் நாலு மீட்டர் இருந்தால் அதிகம். போட்டி தொடங்குவதற்கு முன் கடைசி இரண்டு நிமிடம் அந்த முகத்தைப் பார்ப்பதைத் தவிர எனக்கு வேறு வேலை கிடையாது. 12 வருடம் பார்த்த தைரியத்தில் சொல்கிறேன், யார் ஜெயிப்பார் என்று அந்த முகமே சொல்லிவிடும். பத்துக்கு ஏழு சரியாகச் சொல்வேன். உங்கள் பட்டியலில் அது வருமா?

வால்பிடி: மார்ச் 5, இரவு 10.55

எட்டுப் பேர் படகில் இது நடக்காது. அதில் பின்முனையில் சுக்கான் பிடிக்கும் காக்ஸ் முன்னோக்கி உட்கார்ந்திருப்பார். எனக்குத் தெரிவது அவர் பிடரி மட்டும். பிடரியைப் பார்த்து நான் ஆரூடம் சொல்வதில்லை.

வால்பிடி: மார்ச் 7, காலை 5.35

மேடைக்கு வந்தாயிற்று. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. இது நீடிக்காது. வெயில் ஏறி நிலம் சூடானதும் காற்று எழும்பும். முதல் போட்டியை விடிந்தும் விடியாமலும் வைப்பது யாரையும் கொடுமைப்படுத்த அல்ல.

காலையில் தகுதிச் சுற்றுகள், பிற்பகலில் ரெப்பசாஜ், அதாவது காலையில் தோற்றவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு, நாளை இறுதிப் போட்டிகள். முடிவுக் கோபுரத்தில் நேரம் குறிக்கும் நண்பர் ஒருவர் உண்டு. ஒவ்வொரு ஒற்றையர் ஓட்டத்துக்கும் முன்னால் என் கணிப்பை அவருக்கு அனுப்புகிறேன், ஓட்டம் முடிந்ததும் அவர் முடிவை அனுப்புவார். கரையோரம், இன்று உங்களுக்கு நிரூபித்துக் காட்டுகிறேன்.

வால்பிடி: மார்ச் 7, காலை 7.50

எட்டு ஓட்டங்கள் போய்விட்டன. கை விறைத்துவிட்டது.

நடக்கும் விதத்தைச் சொல்கிறேன், கரையில் இருப்பவர்களுக்கு இது கேட்காது. இரண்டு நிமிடம் இருக்கும்போது அறிவிப்பு. அதற்குள் எல்லாப் படகும் எங்கள் கையில் வந்திருக்க வேண்டும், பிந்தினால் எச்சரிக்கை. அப்புறம் லேன் வாரியாகப் பெயர் வாசிப்பார்கள். பிறகு "அட்டென்ஷன்." சிவப்பு விளக்கு. ஒரு மௌனம். இந்த மௌனம் எவ்வளவு நேரம் என்று யாருக்கும் தெரியாது, தெரியவும் கூடாது. பச்சை, கூடவே ஒலி. அவ்வளவுதான், கையில் வெறும் தண்ணீர்.

நாலாவது ஓட்டத்தில் லேன் 4 சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவிலேயே கிளம்பிவிட்டது. மணி அடித்து எல்லாரையும் திருப்பி அழைத்தார்கள். அந்தப் பையனுக்கு மஞ்சள் அட்டை. இன்னொன்று வாங்கினால் வெளியே. திரும்பி வந்து என் பக்கத்துக் கைகளில் பின்முனையைக் கொடுத்தபோது காது வரை சிவந்திருந்தான். இரண்டாவது முறை பச்சை வந்து, மற்ற ஐந்து பேரும் ஒரு துடுப்புப் போட்ட பிறகுதான் இவன் கிளம்பினான். பட்டியலில் அவன் பெயருக்கு நேரே நாலாம் இடம் என்று இருக்கும். அந்த நாலாம் இடத்தில் பாதி அந்த ஒரு துடுப்புக்குள் இருக்கிறது. எந்தப் பட்டியல் இதைச் சொல்லும்?

கணிப்பு நிலவரம்: மூன்று ஒற்றையர் ஓட்டம், ஒன்று சரி. பெண்கள் ஒற்றையரில் லேன் 2ல் இருந்தவர் என் முகத்துக்கு எதிரிலேயே இரண்டு முறை வாய் பிளந்து கொட்டாவி விட்டார். தூக்கம் போதாத ஆள், கடைசியாகத்தான் வருவார் என்று அனுப்பினேன். முதலாவதாக வந்தாராம். அதுவும் இரண்டு படகு நீள இடைவெளியில். முதல் பந்தில் எல்லாருக்கும் கேட்ச் விடும், பார்ப்போம்.

வால்பிடி: மார்ச் 7, காலை 9.40

காற்று வந்துவிட்டது. இப்போது பின்னாலிருந்து அடிக்கிறது.

கரையோரம், நேரத்தைப் பார்த்தால் போதும் என்றீர்களே, அதற்கு இந்தக் காற்றுதான் பதில். காலை 6.30க்கு ஓடியவரையும் 9.30க்கு ஓடியவரையும் நேரத்தை வைத்து ஒப்பிட முடியாது. துடுப்புப் படகில் உலக சாதனை என்று சொல்ல மாட்டார்கள், உலகின் சிறந்த நேரம் என்பார்கள். காரணம் இதுதான். 2017ல் போலந்தின் போஸ்னானில் ஒரே உலகக் கோப்பைப் போட்டியில் ஜெர்மனியின் எட்டுப் பேர் படகு 5 நிமிடம் 18.68 விநாடியில் வந்தது. நியூசிலாந்தின் ராபி மேன்சன் ஒற்றையரில் 6 நிமிடம் 30.74 விநாடி. இரண்டுமே அன்றைய தேதிக்கு உலகின் சிறந்த நேரம். அந்த வாரக்கடைசியில் மட்டும் எல்லாருக்கும் திடீரென்று தோள் பெருத்துவிட்டதா? படகுக்குப் பின்னாலிருந்து காற்று.

தெம்பு விஷயமும் அவ்வளவு நேர்கோடு இல்லை. படகின் வேகம் ஒரு சதவீதம் கூட வேண்டுமானால் ஏறக்குறைய மூன்று சதவீதம் கூடுதலாக உழைக்க வேண்டும். வேகத்தை இரட்டிப்பாக்க எட்டு மடங்கு. தண்ணீர் அவ்வளவு கருமி. அதனால்தான் தெம்பு கூடுதலாக இருப்பதைவிட, இருக்கிற தெம்பை வீணாக்காமல் இருப்பது முக்கியம். துடுப்பு தண்ணீருக்குள் இருக்கும் நேரத்தில்தான் படகு மிக வேகமாகப் போகிறது. வெளியே எடுத்து அடுத்த வலிப்புக்கு முன்னோக்கிச் சறுக்கும்போது மெதுவாகிறது. அந்த மெதுவாகும் நேரத்தை யார் பதறாமல் கையாள்கிறாரோ அவர் ஜெயிப்பார்.

வால்பிடி: மார்ச் 7, காலை 11.20

நிறுத்திவைத்திருக்கிறார்கள். காற்று திரும்பிப் பக்கவாட்டில் அடிக்கிறது. இப்போது படகை நேராகப் பிடிப்பது பெரும் பாடு. பின்முனை என் கையில், மூக்கு காற்றோடு போகிறது. ஒற்றையர் ஆள் ஒரு பக்கத் துடுப்பால் தட்டித் தட்டி நேராக்குகிறார், அடுத்த நொடி மறுபடி போகிறது. இந்த நிலையில் பெயர் வாசித்துக்கொண்டிருந்தால் கடைசிப் பெயர் வருவதற்குள் முதல் படகு குறுக்கே நிற்கும். அதனால் பெயர் வாசிக்காமல் சட்டென்று தொடங்கும் முறை ஒன்று உண்டு. அப்படி இரண்டு ஓட்டம் நடத்தினார்கள். அப்புறம் அதுவும் முடியவில்லை.

பக்கக் காற்று இன்னோர் அநியாயம் செய்யும். காற்று வருகிற கரையை ஒட்டிய லேனில், கரை மறைப்பதால் தண்ணீர் அமைதியாக இருக்கும். மறு ஓரத்தில் அலை. ஒரே போட்டி, இரண்டு ஏரி. வழக்கமாக முந்தைய சுற்றில் நன்றாக வந்தவர்களுக்கு நடு லேன்கள் கிடைக்கும். இப்படிக் காற்று அடித்தால் நல்ல லேன் எதுவோ அதை அவர்களுக்கு மாற்றிக் கொடுப்பார்கள். நன்றாக வந்தவனுக்கே நல்ல லேனா என்று முதல் வருடம் நானும் கேட்டேன். லேனால் யாராவது தோற்கத்தான் வேண்டும் என்றால், முந்தைய சுற்றில் ஜெயித்தவன் தோற்கக் கூடாது. அவ்வளவுதான் கணக்கு.

2016 ரியோ ஒலிம்பிக்கில் முதல் நாளே செர்பியாவின் இருவர் படகு கவிழ்ந்தது. மறுநாள் துடுப்புப் படகுப் போட்டிகள் முழுவதையும் தள்ளிவைத்தார்கள். 1964 டோக்கியோவில் காற்றால் தாமதமாகித் தாமதமாகி, ஆண்கள் எட்டுப் பேர் இறுதிப் போட்டி இருட்டிய பிறகு, வானத்தில் வெளிச்ச வெடி விட்டு முடிந்தது. ஒலிம்பிக்குக்கே அந்தக் கதி. நாங்கள் ரொட்டித் துண்டு மாதிரி பலகையில் காய்ந்துகொண்டிருக்கிறோம்.

சும்மா கிடப்பதால் என் கதை. 19 வருடத்துக்கு முன் இதே மாதிரி ஒரு போட்டியில் இரட்டையர் படகில் இருந்தேன். மூக்குப் பக்க இருக்கையில் நான், வால் பக்கம், அதாவது ஸ்ட்ரோக் இருக்கையில், என் கூட்டாளி. இருவரும் வாலைப் பார்த்து உட்காருவதால் அவன் முதுகுக்குப் பின்னால் நான். தொடக்கம் அபாரம். முப்பது துடுப்புகூட ஆகியிருக்காது, ரிக்கர் ஆட ஆரம்பித்தது. துடுப்பைத் தாங்குகிற சட்டம் அது. நட்டு கழன்றுவிட்டது. விதி என்னவென்றால், முதல் 100 மீட்டருக்குள் படகில் ஏதாவது உடைந்தால் கையைத் தூக்கலாம், போட்டியை நிறுத்தி மறுபடி தொடங்குவார்கள். அதற்காகவே முதல் 100 மீட்டரில் மிதவைகளின் நிறம் வேறு. நான் கையைத் தூக்கினேன். நடுவர் படகு பக்கத்தில் வந்தது. அவர் எங்களைப் பார்க்கவில்லை, மிதவையைப் பார்த்தார். நிறம் மாறி மூன்று மிதவை தாண்டியிருந்தோம். தலையை மட்டும் ஆட்டிவிட்டு மற்றவர்களின் பின்னால் போய்விட்டார். நடு ஏரியில் நாங்கள் இரண்டு பேர், ஒரு தொங்குகிற ரிக்கர்.

கூட்டாளி அன்று காலை ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான். தன் நட்டை முடுக்க மறந்துவிட்டான். இதை நான் இன்று வரை மன்னிக்கவில்லை என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

வால்பிடி: மார்ச் 7, பகல் 12.45

மறுபடி தொடங்கியாயிற்று. லேன் 6ல் இரண்டு நீர்க்காகங்கள் சாவகாசமாகக் குறுக்கே நீந்தின. தொடங்குபவர் காத்திருந்தார்.

இதைப் பார்த்ததும் பாபி பியர்ஸ் ஞாபகம் வந்தது. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக், ஒற்றையர் காலிறுதி. ஆஸ்திரேலியர். நல்ல முன்னணியில் போய்க்கொண்டிருந்தபோது ஒரு வாத்துக் குடும்பம் வரிசையாகக் குறுக்கே வந்தது. துடுப்பை நிறுத்தி, அவை போகும்வரை காத்திருந்து, அப்புறம் தொடர்ந்தார். அந்த ஓட்டத்தையும் ஜெயித்தார், தங்கத்தையும் வாங்கினார். 1932ல் இன்னொரு தங்கம். முதுகைக் காட்டிப் போகிறவருக்கு வாத்து எப்படித் தெரிந்தது என்று யாராவது கேட்பதற்கு முன்: கரையில் இருந்தவர்கள் கத்தியிருக்கிறார்கள்.

முதுகைக் காட்டிப் போவதில் ஒரு வேடிக்கை. முன்னால் போகிறவருக்குத்தான் எல்லாரும் தெரிவார்கள். பின்தங்கியவர் கண்ணுக்கு வெறும் தண்ணீரும் நானும்தான். நானும் கொஞ்ச நேரத்தில் புள்ளியாகிவிடுவேன்.

வால்பிடி: மார்ச் 7, மாலை 4.10

ரெப்பசாஜ் போய்க்கொண்டிருக்கிறது. இதற்கு நல்ல தமிழ்ச் சொல் என்ன என்று இங்கே படுத்திருக்கும் ஆறு பேருக்குள் ஒரு வழக்கு. மறுவாய்ப்புச் சுற்று என்று ஒருவர். அது சரிதான், ஆனால் பரீட்சை வாடை அடிக்கிறது. பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு மறுபடி மீன் பிடித்து எடுப்பது என்று பொருள். தண்ணீரில் விட்டதைத் தண்ணீரிலிருந்தே எடுப்பது. காலையில் தோற்றவர்களை மாலையில் வலை போட்டு எடுக்கிறார்கள். ஒருவர் "மறுவலை" என்றார். எனக்குப் பிடித்தது, யாரும் ஏற்கவில்லை.

இன்னொரு சொல்லும் பேச்சில் வந்தது. நம் மொழியில் துடுப்பு போடுவது என்றும் சொல்கிறோம், துடுப்பு வலிப்பது என்றும் சொல்கிறோம். வலிப்பது என்றால் இழுப்பது. நோவதும் அதே சொல்தான். மூன்றாவது 500 மீட்டரில் இருக்கும் யாரிடமாவது இரண்டும் வேறு வேறு பொருள் என்று விளக்கிப் பாருங்கள். பட்டியலில் 500, 1000, 1500 என்று இடைநேரங்கள் போடுவார்கள் அல்லவா, பெரும்பாலும் முதல் 500 வேகமாக இருக்கும், மூன்றாவது 500 மிக மெதுவாக இருக்கும், கடைசியில் மறுபடி கொஞ்சம் ஏறும். அந்த மூன்றாவது 500ஐக் கரையில் இருப்பவர்களும் பார்ப்பதில்லை, நானும் பார்ப்பதில்லை. நடுவர் மட்டும் பின்னாலேயே போய்ப் பார்க்கிறார். ஏரியிலேயே நல்ல இடம் அவருக்குத்தான்.

லேன் 1ல் இருந்த ஒரு பையன் இரண்டாவது துடுப்பிலேயே நண்டு பிடித்தான். நிஜ நண்டு இல்லை. துடுப்பின் தட்டு தப்பான கோணத்தில் தண்ணீருக்குள் மாட்டிக்கொண்டால், படகு போகிற வேகத்தில் கைப்பிடி திரும்பி வந்து நெஞ்சில் குத்தும். கீழேயிருந்து ஏதோ பிடித்து இழுத்த மாதிரி இருக்கும், அதுதான் நண்டு. சமாளித்துக்கொண்டு போய்விட்டான். கடைசி.

வால்பிடி: மார்ச் 7, இரவு 7.30

கணக்கு முடித்துவிட்டேன். ஒற்றையர் ஓட்டங்கள் மொத்தம் 11. வெற்றியாளரைச் சரியாகச் சொன்னது மூன்றில். ஆறு பேரில் கண்ணை மூடிக்கொண்டு ஒருவரைத் தொட்டிருந்தாலே சராசரியாக இரண்டு சரியாக வந்திருக்கும் என்று கோபுரத்து நண்பர் அன்போடு கணக்குப் போட்டு அனுப்பியிருக்கிறார். 12 வருட அனுபவத்தின் விலை, கூடுதலாக ஒரு ஓட்டம்.

பத்துக்கு ஏழு என்று நான் எப்படி நம்பினேன்? யோசித்துப் பார்த்தேன். இதுவரை கணிப்பை எழுதிவைத்ததே இல்லை. சாயங்காலம் முடிவு தெரிந்த பிறகு, ஆமாம், அந்த முகத்தில் அப்போதே தெரிந்தது என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். கை நடுங்கியவர் தோற்றால், நடுங்கினாரே என்று ஞாபகம் வரும். கை நடுங்கி ஜெயித்தவர் ஞாபகத்தில் தங்குவதில்லை.

கரையோரம், உங்களிடம் ஒரு வாதத்தில் தோற்றுவிட்டேன். ஆனால் நேரம் பற்றிய வாதத்தில் இல்லை.

வால்பிடி: மார்ச் 8, காலை 5.10

இரண்டு திருத்தம். ராத்திரி தூக்கம் கெட்டதற்கு இவையே காரணம்.

ஒன்று. நேற்று காலை 9.40க்கு நான் எழுதியது தப்பு. துடுப்பு தண்ணீருக்குள் இருக்கும்போது படகு மிக வேகமாகப் போகிறது என்றேன். இல்லை. துடுப்பை வெளியே எடுத்த பிறகு, ஆள் சறுக்கு இருக்கையில் பின்முனையை நோக்கி வரும் அந்த நேரத்தில்தான் படகின் உடல் மிக வேகமாகப் போகிறது. எடையைப் பாருங்கள். ஒற்றையர் படகு குறைந்தது 14 கிலோ இருக்க வேண்டும் என்பது விதி, பெரும்பாலும் அதை ஒட்டியே செய்வார்கள். மேலே உட்கார்ந்திருப்பவர் 90 கிலோ. 90 கிலோ ஒரு பக்கம் நகர்ந்தால் 14 கிலோ மறுபக்கம் பாயத்தான் செய்யும். துடுப்பைத் தண்ணீரில் போட்டுக் காலை உதைக்கும் கணத்தில் படகு ஒரு நொடி தயங்குகிறது. வேகம் குறைவது அங்கே. இத்தனை வருடம் வலித்துவிட்டு இதைத் தலைகீழாக எழுதியிருக்கிறேன். பதறாமல் சறுக்க வேண்டும் என்று சொன்னது மட்டும் சரி, காரணம்தான் தப்பு. பாய்ந்து வந்தால் அந்தத் தயக்கம் பெரிதாகிவிடும்.

இரண்டு. ராத்திரி 11 மணிக்கு என் பழைய கூட்டாளி போன் செய்தான். இதையெல்லாம் அவன் படிப்பான் என்று நான் நினைக்கவில்லை. "டேய், ஸ்ட்ரோக்ல யார் இருந்தது?" என்றான். நீதான் என்றேன். "எனக்குப் பின்னாடிதானே நீ இருந்த? நீ 'போச்சுடா'ன்னு கத்தின அப்புறம்தான் நான் திரும்பிப் பார்த்தேன். என் ரிக்கர் கழன்றிருந்தா நான்ல முதல்ல கத்தியிருப்பேன்?" என்றான்.

வைத்துவிட்டு யோசித்தேன். முதலில் கத்தியது நான். கை தூக்கியது நான். என் இடது கையில் துடுப்பு பாரமில்லாமல் போனது இன்னும் ஞாபகம் இருக்கிறது. அது எப்படி அவன் ரிக்கராக இருக்கும்? ஸ்பானர் அவன் கையில் இருந்ததும் உண்மைதான். நான் கேட்டிருந்தால் கொடுத்திருப்பான். 19 வருடம் அவனை மன்னிக்காமல் இருந்திருக்கிறேன்.

வால்பிடி: மார்ச் 8, இரவு 8.20

இறுதிப் போட்டிகள் முடிந்தன. உடம்பு முழுக்கப் பலகையின் வரி.

பெண்கள் ஒற்றையர் இறுதி. கொட்டாவிக்காரருக்கு லேன் 4, என் கைக்கே வந்தார். "அட்டென்ஷன்" சொல்வதற்குச் சற்று முன் மறுபடி ஒரு கொட்டாவி. இந்த முறை நான் கணிக்கவில்லை, சும்மா பார்த்தேன். முழங்கால் மேல் தோல் துடித்துக்கொண்டிருந்தது. தூக்கமாவது ஒன்றாவது. பயத்தில் வருகிற கொட்டாவி அது. நேற்றும் அதே துடிப்பு இருந்திருக்கும், நான் வாயை மட்டும் பார்த்தேன்.

பச்சை விழுந்ததும் போய்விட்டார். அப்புறம் பத்து நிமிடம் கோபுரத்திலிருந்து செய்தியே இல்லை. இப்படி மௌனமாக இருந்தால் படம் பார்க்கிறார்கள் என்று அர்த்தம். படகின் மூக்கு நுனியில் வெள்ளைப் பந்து ஒன்று இருக்கும், குறைந்தது 4 செ.மீ. விட்டம். மோதினால் யாருக்கும் குத்தாமல் இருக்கத்தான் அது. ஆனால் கோட்டை முதலில் தொட்டது எது என்பதும் அந்தப் பந்தை வைத்துத்தான். படகு போகிற வேகத்தில் 4 செ.மீ. கடக்க நூறில் ஒரு பங்கு விநாடிகூட ஆகாது. ரியோவில் ஆண்கள் ஒற்றையர் இறுதியில் நியூசிலாந்தின் மாஹே டிரைஸ்டேலுக்கும் குரோஷியாவின் டாமிர் மார்ட்டினுக்கும் ஒரே நேரம், இருவருக்கும் 6 நிமிடம் 41.34 விநாடி. படத்தைப் பார்த்து டிரைஸ்டேலுக்குத் தங்கம் கொடுத்தார்கள். பட்டியலில் இரண்டு பேருக்கு நேரேயும் ஒரே எண்தான்.

நம்மவர் இரண்டாவது. எவ்வளவு வித்தியாசம் என்று கேட்டேன். பந்து அளவு என்று மட்டும் பதில் வந்தது.

வால்பிடி: மார்ச் 11, இரவு 9.15

கரையோரம் தனியாக எழுதிக் கேட்டிருக்கிறார்: காக்ஸ் எதற்கு? வலிக்காத ஆளை எட்டுப் பேர் ஏன் சுமக்க வேண்டும்?

எட்டுப் பேருக்கும் முதுகுப் பக்கம்தான் வழி. படகு 17 மீட்டருக்கு மேல் நீளம். யாராவது பார்க்க வேண்டாமா? அதோடு யார் எங்கே இருக்கிறார்கள், எப்போது ஏற்ற வேண்டும் என்று சொல்ல ஒரு குரல் வேண்டும். சுமைதான், மறுக்கவில்லை. அதனால்தான் சிறு பிள்ளையை உட்கார வைத்து ஏமாற்ற முடியாதபடி காக்ஸுக்கு 55 கிலோ குறைந்தபட்ச எடை வைத்திருக்கிறார்கள். குறைந்தால் படகிலேயே எடை வைத்து ஈடுகட்ட வேண்டும். இந்தப் போட்டியில் ஒரு காக்ஸ் கால் பக்கத்தில் மணல் பையோடு வந்தார். இறங்கும்போது அதை ஒரு கைக்குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு போனதாகக் கேள்வி. நான் பார்க்கவில்லை, எனக்கு அவர் பிடரிதான் தெரியும் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

வால்பிடி: மார்ச் 14, காலை 6.40

கரையோரம் அடுத்த வருடம் மேடைக்கு வருகிறேன் என்கிறார். கரையில் உட்காருவதைவிட மோசமாகத்தான் இருக்கும், முடிவு தெரியாது, முன்கூட்டியே சொல்கிறேன். வருவதானால் கெட்டியான துண்டு ஒன்று கொண்டுவாருங்கள், முழங்கைக்கும் நெஞ்சுக்கும் கீழே போட. மோதிரம் வேண்டாம், படகில் கீறும். முகத்தைப் பார்த்து ஜோசியம் சொல்லக் கூடாது என்று நான் தடை போட மாட்டேன், ஆனால் எழுதிவைத்துவிட்டுச் சொல்லுங்கள்.

பச்சை விழுந்ததும் கையை விரித்துவிட வேண்டும். முதல் நாள் எல்லாருக்கும் ஓர் ஆசை வரும், போகும்போது லேசாக ஒரு தள்ளு தள்ளலாமா என்று. தள்ளக் கூடாது. குடிசையில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும்.

அப்புறம், கூட்டாளிக்கு நேற்று ஒரு பார்சல் அனுப்பினேன். உள்ளே 10 மி.மீ. ஸ்பானர் ஒன்று. இன்னும் போன் வரவில்லை.